கால் முளைக்கும் கதைகள், பாதை போடும் கதைகள்

கண் தெரியாதவர்களும் கால் இழந்தவர்களும் குள்ளர்களும் தமிழ்க் கதைகளில் எக்காலத்திலும் இருந்திருக்கிறார்கள். ஆனால், பெயரும் பிடிவாதமும் குறும்பும் உள்ள குழந்தைகளாக அவர்கள் சிறார் புத்தகத்துக்குள் வந்து சேர்ந்தது கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளில்தான். பார்வை, செவி, நடை, கற்கும் விதம், பிறரோடு பழகும் விதம், பால் அடையாளம் என ஏதோ ஒன்றில் மற்றவர்களிடமிருந்து வேறுபட்ட குழந்தையை நடுவில் வைத்துச் சொல்லப்படும் இந்தப் புத்தகங்களை எடைபோட ஒரு கேள்வி உதவும். கதை முடியும்போது மாறியிருப்பது யார்? அந்தக் குழந்தையா, அதைச் சுற்றியிருக்கும் ஊரா?

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இது வெறும் இலக்கியக் கேள்வி அல்ல. விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பரில் தனி மாவட்டமான இப்பகுதியின் கிழக்கே கரும்பும் நெல்லும் மரவள்ளியும் விளையும் சமவெளி. மேற்கே கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த அம்மலையில் பெரும்பான்மையினர் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. இவர்கள் பேசுவது தமிழ். 1976 வரை மலை ஜாகீர்தார்கள் வசம் இருந்ததால் சாலையும் பள்ளியும் தாமதமாகவே வந்தன. 2024-இல் சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலையின் அடிப்படை வசதிகள் பற்றித் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொள்ளும் நிலைதான் நீடித்தது. இரண்டு காலும் நன்றாக உள்ள பிள்ளையே பள்ளிக்கு மூச்சிரைக்க நடக்க வேண்டிய குக்கிராமத்தில், நடக்க முடியாத பிள்ளையின் கதையை வாசித்தால் கண் முதலில் பாதை மீதுதான் விழும்.

பழைய தமிழ்ப் பார்வை கடுமையானது. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்குச் சொல்வதாக அமைந்த புறநானூற்றின் 28ஆம் பாட்டு, குருடு, கூன், குறள், ஊமை, செவிடு முதலான எட்டு வகைப் பிறப்புகளைப் பட்டியலிட்டு, அவற்றால் பயனில்லை என்கிறது. அரசனுக்கு அறம் சொல்ல வந்த பாட்டுத்தான். ஆனாலும் உடற்குறை வீண் பிறப்பு என்ற எண்ணம் அங்கே சாதாரணமாக வந்து விழுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் செழித்த நொண்டி நாடகங்கள் இன்னொரு அச்சை உருவாக்கின. அவற்றின் நாயகன் திருடன். தாசியிடம் பொருளை இழந்து, குதிரை திருடப் போய்ப் பிடிபட்டு, கை கால் வெட்டப்படுகிறான். பிறகு தெய்வத்தையோ பெரியவர் ஒருவரையோ சரணடைந்து உறுப்புகளைத் திரும்பப் பெறுகிறான். திருச்செந்தூர் நொண்டி நாடகமும் சீதக்காதி நொண்டி நாடகமும் இந்த வகை. இங்கே குறை என்பது குற்றத்தின் கூலி, குணமாவது திருந்தியதற்கான பரிசு. ‘போன ஜென்மத்துப் பாவம்’ என்று ஊனமுற்ற குழந்தையைப் பார்த்து இன்றும் சொல்கிறவர்கள் நொண்டி நாடகத்தைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அதன் தர்க்கம் அவர்களிடம் அப்படியே இருக்கிறது.

இந்த வரிசையில் தண்டியடிகள் நாயனார் கதை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டியது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் பெரியபுராணம் சொல்லும் இக்கதையில் அவர் பிறவியிலேயே பார்வையற்றவர்; திருவாரூர்க் கோயில் குளத்தைத் தாமே தோண்டி விரிவாக்க முனைகிறார். குளத்துக்குள் ஒரு தறி, கரையில் ஒரு தறி நட்டு, நடுவே கயிறு கட்டுகிறார். அந்தக் கயிற்றைத் தடவிக்கொண்டே மண் கூடையோடு கரையேறி, கொட்டிவிட்டுத் திரும்புகிறார். வேலையைத் தடுக்க வந்த எதிரிகள் பறிப்பதும் அந்தக் கயிற்றையும் தறியையும் மண்வெட்டியையும்தான். பார்வையற்ற ஒருவர் தம் வேலைக்கான வசதியைத் தாமே செய்துகொள்வதை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன பழைய காட்சி வேறு எளிதில் அகப்படாது. ஆனால் கதையின் முடிவில் இறையருளால் அவருக்குக் கண் தெரிகிறது, எதிரிகளுக்குக் கண் போகிறது. குழந்தைகளுக்குச் சுருக்கிச் சொல்லும்போது அந்த அற்புதம்தான் நிற்கிறது. கயிறு காணாமல் போய்விடுகிறது.

ஐரோப்பியச் சிறார் இலக்கியமும் இதற்கு விலக்கல்ல. 1881-இல் வெளிவந்த ‘ஹெய்டி’யின் இரண்டாம் பாகத்தில் சக்கர நாற்காலியில் வந்த கிளாரா ஆல்ப்ஸ் மலைக்காற்றில் எழுந்து நடக்கிறாள், 1911-இன் ‘ரகசியத் தோட்ட’த்தில் காலின் என்ற சிறுவன் தோட்டத்தில் நடக்கத் தொடங்குகிறான். நல்ல மனம், நல்ல காற்று, கொஞ்சம் நம்பிக்கை இருந்தால் போதும் என்று இக்கதைகள் சொல்லாமல் சொல்கின்றன. எழுந்து நடக்காத குழந்தையிடம் இவற்றில் ஏதோ குறைகிறது என்பது அதன் மறுபக்கம்.

இருபதாம் நூற்றாண்டின் தமிழ்ச் சிறார் இதழ்களும் பாட நூல்களும் கையிலெடுத்தது வாழ்க்கை வரலாற்றை. ஹெலன் கெல்லர், லூயி பிரெய்ல் என்ற வரிசை இன்று சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு வரை வந்திருக்கிறது. 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம் வென்ற அவர், கள்ளக்குறிச்சிக் குழந்தைகளுக்கு அண்டை மாவட்டத்து அண்ணன். இத்தகைய நூல்களுக்கு நியாயமான இடம் உண்டு. சிக்கல் எங்கே என்றால், அவற்றைத் தவிர வேறு எதுவும் இல்லாதபோது, பதக்கம் வாங்காத குழந்தைக்குக் கதையே இல்லாமல் போகிறது. ஹெலன் கெல்லர் வரலாறும் பெரும்பாலும் 1887-இல் தண்ணீர்க் குழாயடியில் அவர் சொல்லின் பொருளை உணர்ந்ததோடு நின்றுவிடும். வளர்ந்த பின் அவர் சோஷலிசக் கட்சியில் சேர்ந்ததும் பெண்களின் வாக்குரிமைக்காகக் குரல் கொடுத்ததும் சிறுவர் பதிப்புகளுக்குள் எட்டிப் பார்ப்பதே அரிது. அவர் அரசியல் பேசும் பெண்ணாக வளர்ந்தது உத்வேகக் கதைக்கு வசதிப்படவில்லை போலும்.

தமிழாசிரியர்களும் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்திலிருந்து வந்த வாசகர்களும் அதிகம் கைமாற்றிப் படித்த ‘டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’ வேறு வகை. டெட்சுகோ குரோயாநாகி 1981-இல் ஜப்பானிய மொழியில் எழுதிய நூல் இது. தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டது. வகுப்பில் அடங்காதவள் என்று முதல் வகுப்பிலேயே பள்ளியிலிருந்து அனுப்பப்பட்ட சிறுமி, டோக்கியோவில் சொசாகு கோபயாஷி நடத்திய டோமோயி பள்ளிக்கு வருகிறாள். ரயில் பெட்டிகளே அங்கு வகுப்பறைகள். போலியோ பாதித்த யாசுவாகி-சானை அவள் ஏணி வைத்துத் தன் மரத்தின் மேல் இழுத்து ஏற்றும் அத்தியாயம் பலருக்கும் நினைவிருக்கும். அதைவிட முக்கியமானது விளையாட்டு விழா அத்தியாயம்.

வளர்ச்சி நின்றுபோன, கைகால் குட்டையான தகாஹாஷி அன்று எல்லாப் போட்டிகளிலும் ஜெயிக்கிறான். அவன் விடாமல் பயிற்சி செய்தான் என்று நூல் சொல்வதில்லை. தலைமையாசிரியர் போட்டிகளையே அப்படி அமைத்திருக்கிறார். துணியால் செய்த பெரிய மீனின் வாய் வழியே நுழைந்து வால் வழியே வெளிவர வேண்டும். படுக்க வைத்த ஏணியின் படிகளுக்கு இடையே புகுந்து போக வேண்டும். கூடத்துப் படிக்கட்டில் ஒவ்வொரு படியாகத்தான் ஏற வேண்டும், தாவக் கூடாது. நெட்டைக் கால்கள் தடுமாற, குட்டைக் கால்கள் சரசரவென்று ஏறிவிடுகின்றன. பரிசுகள் முள்ளங்கி, கீரை போன்ற காய்கறிகள். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்தால் அது தாம் சம்பாதித்த சாப்பாடு என்கிறார் கோபயாஷி. தகாஹாஷியின் உயரம் மாறவில்லை, ஆட்டத்தின் விதி மாறுகிறது. அரசுப் பள்ளி விளையாட்டு விழாவில் சக்கர நாற்காலிப் பிள்ளையை மேடை ஓரத்தில் உட்காரவைத்துக் கைதட்டச் சொல்லும் வழக்கத்துக்கு இதைவிட மென்மையான கண்டனம் எழுதிவிட முடியாது.

இந்தியப் படப் புத்தகங்களில் திருப்பம் 1990-களின் இறுதியில் வந்தது. 1996-இல் சென்னையில் தொடங்கிய துளிகா பதிப்பகம் தமிழ் உட்படப் பல மொழிகளில் நூல்களை வெளியிட்டது. ஷீலா திர் எழுதி 1999-இல் அது கொண்டுவந்த ஆங்கில நூலில், மாற்றுத்திறனாளிக் குழந்தை ஒன்று, என் கையைப் பிடிக்க ஏன் பயப்படுகிறாய் என்று வாசகரிடம் நேராகக் கேட்கிறது. அது அறிமுகப் பாடம். அந்தக் காலத்துக்குத் தேவையான பாடம். அடுத்து வந்தவை பாடத்தை விட்டுவிட்டுக் கதைக்கு நகர்ந்தன. ஜாய் விட்டேகரின் ‘கண்ணா பன்னா’வில் குகைக் கோயிலுக்குள் விளக்கு அணைந்ததும் எல்லோரும் திண்டாடுகிறார்கள், பார்வையற்ற கண்ணா அவர்களை வெளியே அழைத்து வருகிறான். தாரிணி விஸ்வநாத் எழுதி நான்சி ராஜ் படம் வரைந்த பூனைக் கதையில் டிப் டிப் என்ற சிறுமி காணாமல் போன பூனையைத் தேடுகிறாள். அவளுடைய சக்கர நாற்காலி படத்தில் இருக்கிறது, கதைக்கு அது சிக்கலே இல்லை. லாவண்யா கார்த்திக் எழுதிய, ‘தம்பி’ என்ற நாய் வரும் கதையிலும் சிறுவன் கையில் உள்ள வெள்ளைக் கோலைப் படத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இவற்றுள் கண்ணா கதையின் மீது ஒரு விமர்சனம் வைக்கலாம். பார்வையற்ற பிள்ளை ஏற்கப்பட வேண்டுமானால் எல்லோரையும் இருட்டிலிருந்து காப்பாற்றித்தான் ஆக வேண்டுமா? அவன் கண்டுபிடிப்பதும் காப்பாற்றுவதும் இல்லாத சாதாரண நாட்களில் அவனுக்கு யார் துணை? டிப் டிப்பும் தம்பியோடு நடக்கும் சிறுவனும் இந்த நிபந்தனையிலிருந்து தப்பியவர்கள். அவர்கள் யாருக்கும் எதையும் நிரூபிப்பதில்லை.

கல்வராயன் மலைக்கு மிக நெருக்கமான புத்தகம் லடாக்கிலிருந்து வந்தது. சுஜாதா பத்மநாபன் எழுதி, மதுவந்தி அனந்தராஜன் படம் வரைந்த கதையில் சுஸ்கித் என்ற சிறுமிக்கு நடக்க முடியாது. சக்கர நாற்காலி கிடைக்கிறது. ஆனாலும் பள்ளிக்குப் போக முடிவதில்லை. வழியெல்லாம் மேடும் பள்ளமும், நடுவே ஓடை. அப்துல் என்ற பையன் இது ஏன் இப்படியே இருக்க வேண்டும் என்று கேட்கிறான். பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் சேர்ந்து பாதையைச் சமன்செய்து ஓடையின் மேல் பாலம் போடுகிறார்கள். நாற்காலி மட்டும் வந்தால் போதாது என்பதை இந்தக் கதை போல் யாரும் எளிதாகச் சொன்னதில்லை. அரசு முகாமில் மூன்று சக்கர வண்டி வாங்கிவந்து, அதை ஓட்ட வழியில்லாமல் வீட்டுத் திண்ணையோரம் நிறுத்திவைப்பது எந்த மலைக் கிராமத்துக்கும் புதிதல்ல. சாமைக் கொல்லைகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் ஏறி இறங்கும் பிள்ளைக்கு, லடாக்கின் பனிமலைப் படம் அந்நியமாக இருக்கலாம். ஓடைதான் தடை என்பது அந்நியமாக இருக்காது.

கண்ணுக்குத் தெரியாத வேறுபாடுகளின் கதை இன்னும் இளையது. 1995-இன் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே பட்டியலிட்டது. ஆட்டிசம் 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் இடம்பெற்றது. 2016-இன் உரிமைச் சட்டம் பட்டியலை 21 ஆக விரித்துக் கற்றல் குறைபாட்டையும் அதில் சேர்த்தது. அதற்கு முன் வகுப்பறையில் இதற்கெல்லாம் ‘மக்கு’, ‘சேட்டை’, ‘அடங்காப்பிடாரி’ என்ற பெயர்கள்தான் இருந்தன, இப்போதும் இருக்கின்றன. மூளைகள் பலவிதம், அதில் ஒன்றே சரி என்று இல்லை என்ற நரம்பியல் பன்மைக் கருத்து 1990-களின் பிற்பகுதியில் பரவியது. தமிழில் இதைத் தொடர்ந்து எழுதியவர் யெஸ். பாலபாரதி. ‘ஆட்டிசம் சில புரிதல்கள்’ பெற்றோருக்கான கையேடு. ‘துலக்கம்’ ஆட்டிசம் உள்ள சிறுவன் ஒருவன் காணாமல் போவதைச் சொல்லும் நாவல். ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ என்ற அவருடைய சிறார் நாவல் குழந்தைப் பாதுகாப்பைப் பற்றியது. 2020-க்கான சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் விருது பெற்றது. இந்த வரிசையைக் கவனித்தால் ஒன்று தெரியும்: ஆட்டிசம் குறித்த தமிழ் எழுத்தில் பெரும்பகுதி பெற்றோரையும் ஆசிரியரையும் நோக்கிப் பேசுகிறது. பக்கத்து பெஞ்சில் உட்காரும் எட்டு வயதுப் பிள்ளைக்கு, சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்ளும் நண்பனைப் பற்றிச் சொல்லும் கதைகள் மிகக் குறைவு. அந்த நண்பனே கதை சொல்வது அதைவிடக் குறைவு. கர்நாடகத்தில் வளர்ந்த டிட்டோ ராஜர்ஷி முகோபாத்யாய் பேச்சு வராத ஆட்டிசச் சிறுவனாக இருந்தபோதே எழுதிய பக்கங்கள் 2000-இல் ஆங்கில நூலாயின. ஜப்பானில் நவோகி ஹிகாஷிடா பதின்மூன்று வயதில் எழுதியது 2007-இல் வெளிவந்தது.

குறைபாடு என்று மருத்துவர் சான்று தராத வேறுபாடும் உண்டு. இரா. நடராசனின் ‘ஆயிஷா’ கணையாழி இதழின் குறுநாவல் போட்டியில் பரிசு பெற்று, பிறகு ஆசிரியர்களின் கைப்புத்தகமாகவே ஆகிவிட்டது. அறிவியல் நூல் ஒன்றின் முன்னுரை போல ஆசிரியை சொல்லும் கதை அது. கேள்வி கேட்டதற்காக அடிவாங்கும் மாணவி, அடி வலிக்காமலிருக்க மருந்தைத் தன் உடலில் செலுத்திப் பார்த்து இறந்துபோகிறாள். இங்கே மாற வேண்டியது பள்ளி; மாறுவதற்குள் குழந்தை போய்விடுகிறாள். இத்தாலிய மலைக்கிராமமான பார்பியானாவின் பிள்ளைகள் எட்டுப் பேர் எழுதி 1967-இல் வெளிவந்த நூல் ‘எங்களை ஏன் டீச்சர் பெயிலாக்கினீங்க?’ என்ற பெயரில் தமிழில் இருக்கிறது. மலையிலிருந்து இறங்கிவந்த பிள்ளை சமவெளிப் பள்ளியில் வாயடைத்துப் போவதைப் பற்றி அவர்கள் சொல்வதைக் கல்வராயன் மலையிலிருந்து சின்னசேலத்துக்கோ சங்கராபுரத்துக்கோ படிக்க இறங்கும் பிள்ளை அடிக்குறிப்பு இல்லாமல் புரிந்துகொள்ளும்.

பால் அடையாளத்தைப் பற்றிய சிறார் நூல்களில் கனக் சசியின் குட்லி கதை தனித்து நிற்கிறது. வீட்டார் பையன் என்று அழைக்கும் குட்லி, அக்காவின் கவுனை உடுத்தி, தான் தேவதை என்கிறாள். கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் உளுந்தூர்பேட்டை வட்டத்தில் உள்ள கூவாகத்துக்கு இந்தக் கதையைக் கொண்டுபோனால் வேறு பொருள் கிடைக்கும். சித்திரை மாதத்தில் கூத்தாண்டவர் கோயில் திருவிழாவுக்கு நாடெங்கிலுமிருந்து திருநங்கைகள் வந்து, கூத்தாண்டவரான அரவானுக்காகத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் வளையல் உடைத்து அழுகிறார்கள். அந்த வட்டாரப் பிள்ளைகள் ஆண்டுதோறும் திருநங்கைகளைக் கண்டே வளர்கிறார்கள். ஆனால் விழா முடிந்த பின் தங்கள் வகுப்பிலேயே அப்படி ஒரு பிள்ளை இருந்தால் என்ன செய்வது என்று சொல்லும் புத்தகம் அவர்கள் பள்ளி அலமாரியில் இருப்பது அரிது. பெரியவர்களுக்கு ஆ. ரேவதியின் ‘வெள்ளை மொழி’யும் லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’வும் இருக்கின்றன, இரண்டிலும் பள்ளிப் பருவத்துப் பக்கங்கள் தனியே தொகுத்துத் தரத் தக்கவை.

மாற்றுத்திறனாளிக் குழந்தையைப் பற்றிய புத்தகம் அந்தக் குழந்தையாலேயே படிக்க முடியாததாக இருப்பது இத்துறையின் பழைய முரண். சிறார் நூல்களுக்கான பன்னாட்டு அமைப்பு 1985 முதல் இதற்கென ஒரு தொகுப்பகம் வைத்திருக்கிறது. இப்போது அது டொராண்டோவில் இயங்குகிறது. தனி வடிவில் செய்த நூல்கள், எல்லோரும் பயன்படுத்தத் தக்க நூல்கள், மாற்றுத்திறனாளிகளைச் சித்திரிக்கும் நூல்கள் என்று அது பிரித்துப் பார்க்கிறது. தமிழ்ப் பேச்சு மூன்றாவதிலேயே நின்றுவிடுகிறது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம். பார்வையற்றோருக்காக நூல்களை மாற்றுவதற்குப் பதிப்புரிமை தடையாக இருக்கக் கூடாது என்ற 2013-இன் மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. சட்டத் தடை போயிற்று, வேலை மிச்சமிருக்கிறது. பிரெய்லில் ஒரு பக்கம் இரண்டு மூன்று தடித்த தாள்களாகப் பெருகும், படங்களைத் தொட்டறியும்படி துணியிலும் நூலிலும் செய்ய வேண்டும். சென்னையின் சேத்தனா அறக்கட்டளை இத்தகைய தொடு-புத்தகங்களை உருவாக்கிவருகிறது. காது கேளாத பிள்ளைக்கோ சைகைதான் முதல் மொழி. அச்சிட்ட தமிழ் அதற்கு இரண்டாம் மொழி, கதை சைகையில் காணொளியாகவும் வேண்டும்.

எழுத்துக்கூட்டுவதில் திணறும் பிள்ளைகளுக்கோ தமிழ் எழுத்து தன் சொந்தச் சிக்கல்களை வைத்திருக்கிறது. ‘கெ’ என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. ‘கொ’வில் மெய்யின் இருபுறமும் குறி, ஒலி ஒன்றுதான். கண் இடமிருந்து வலமாகப் போக, வாய் வேறு வரிசையில் போக வேண்டும். ண, ன, ந; ல, ள, ழ; ர, ற என்று உச்சரிப்பில் கலந்துபோன வரிசைகள் வேறு. ஆங்கிலத்துக்காக வகுத்த டிஸ்லெக்சியா அறிவுரைகளை அப்படியே கொண்டுவந்தால் இவை பிடிபடா. எழுத்துகளுக்கிடையே இடம் விட்டு, வரியைச் சொல்லின் நடுவே உடைக்காமல், ஒரு பக்கத்துக்கு நான்கைந்து வரி வைப்பது பதிப்பகத்துக்குக் கூடுதல் காகிதச் செலவு. சிறார் புத்தகம் 32 பக்கத்துக்குள் அடங்க வேண்டும் என்ற கணக்கில் முதலில் பலியாவது அந்த இடைவெளிதான்.

புத்தகம் மலையேறும் வழிகள் சில இருக்கின்றன. அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளின் நூலகம் ஒன்று. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் சிறு புத்தகங்களை அரசுப் பள்ளிகளுக்குத் தரும் பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கம் இன்னொன்று. மாவட்டப் புத்தகத் திருவிழா கள்ளக்குறிச்சி நகரில் நடக்கிறது. மலைப் பிள்ளைகளுக்கு அது பள்ளி ஏற்பாடு செய்யும் பேருந்தைப் பொறுத்தது. பள்ளிக்கே வர முடியாத பிள்ளைகளின் வீட்டுக்குப் போகிறவர் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்புப் பயிற்றுநர். வட்டார வளமையத்திலிருந்து கிளம்பும் அவரது பையில் பயிற்சி அட்டைகளும் பதிவேடும் இருக்கும்; அந்தப் பிள்ளை சிரித்து ரசிக்க ஒரு கதைப் புத்தகம் அந்தப் பட்டியலில் இடம்பெறுவது அவரவர் ஆர்வத்தைப் பொறுத்தது. வேலை தேடிக் குடும்பத்தோடு பருவந்தோறும் வெளியூர் போகும் பிள்ளைகள் இந்த வலை எல்லாவற்றிலிருந்தும் நழுவிவிடுகிறார்கள்.

பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் இருக்கும் கதைகள் திறந்த உரிமத்தில் வெளியானவை. மூலப் படைப்பாளரின் பெயரைக் குறிப்பிட்டு எவரும் மொழிபெயர்க்கலாம், வாசிப்பு நிலைக்கேற்ப எளிமையாக்கலாம், படங்களை வைத்து வேறு கதை எழுதலாம், அச்சிடலாம். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைப் பற்றிய கதைகளும் அங்கே தமிழில் கிடைக்கின்றன. மலைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் மாணவர்களின் பேச்சு வழக்கில், வெள்ளிமலைச் சந்தையும் கடுக்காய் பொறுக்கும் காடும் வரும்படி ஒரு கதையைத் திருத்தி எழுத உரிமத் தடை ஏதும் இல்லை. கைபேசி சிக்னல் கிடைக்காத ஊர்களுக்கு அதை அச்சடித்துத்தான் கொண்டுபோக வேண்டும். அந்தச் செலவைப் பள்ளி மேலாண்மைக் குழுவோ ஊராட்சியோ ஏற்றால், சில நூறு பிரதிகள் கள்ளக்குறிச்சியின் எந்த அச்சகத்திலும் ஒரு வாரத்தில் முடிகிற வேலை.